நத்தைக்குப் பேரு கொம்பு

பெஞ்சுக்கு அடியில எந்தப் பிள்ளையோ மென்னு ஒட்டிவச்ச பபிள்கம் என் சேலையில முழங்கால்கிட்ட ஒட்டிக்கிச்சு. பிய்ச்சா விரலுக்கு வருது, விரலைத் தேய்ச்சா பெஞ்சுக்கு வருது, பெஞ்சைத் தொட்டா மறுபடி விரலுக்கு. சீ. பரீட்சை எழுத வந்த இடத்துலயா இது. ஞாயித்துக்கிழமை காலையில பத்தே கால் மணிக்கு, பதினாலு கிழடு கட்டைங்க, ஆறாப்புப் பிள்ளைங்க உக்கார்ற பெஞ்சுல காலை மடக்கி உக்கார்ந்திருக்கோம், எழுத்தறிவுப் பரீட்சையாம். பன்னெண்டு மணிக்குத் தாளைக் கொடுத்துடணும். பத்துக் கேள்வி. ஜன்னல் வழியா காத்து வரும்போதெல்லாம் அதுவும் வருது, பொம்பளப் பிள்ளைங்க கக்கூஸ் நாத்தம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்தான் கழுவிவிட்டேன். நேத்துப் பத்தாப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் நடந்திருக்கு, நான் படிக்கணும்னு லீவு எடுத்துக்கிட்டேன், ஒரு நாள்தான், ஒரு வாளித் தண்ணி ஊத்த ஆள் இல்லாம அப்படியே விட்டுட்டுப் போயிருக்காங்க. உனக்கென்ன வெயிலா, உனக்கு நாத்தம் பழகிப்போச்சும்பாங்க. நாத்தம் யாருக்கும் பழகாது. மூக்கு தோத்துப்போயிடும், அவ்வளவுதான். இன்னைக்கு என்னமோ தோத்த மூக்கு எந்திரிச்சு உக்கார்ந்திருக்கு. பக்கத்துல ஆட்டுக்கார உச்சிமாகாளி அண்ணாச்சி, அவர் மேல ஆட்டு மொச்சை வாடை. முன்னாடி நாற்காலியில ஹெட்மாஸ்டர் தனுஷ்கோடி சார், அவர் மேல சென்ட்டு. அந்த சென்ட்டுதான் எனக்குக் குமட்டுது. கேள்வித்தாள் கொடுக்க அவரே வந்தாரு. அண்ணாச்சிக்குக் கையில கொடுத்தாரு, முன் பெஞ்சு சீதேவிக்குக் கையில கொடுத்தாரு. எனக்கு பெஞ்சு நுனியில வச்சுட்டுப் போனாரு. அது ஒன்னும் புதுசு இல்ல. கக்கூஸ் சாவி ஆபீஸ் ஜன்னல் திண்டுல இருக்கும், நான் எடுத்துக்கணும். பினாயில் டப்பாவைத் தரையில வச்சுட்டு ஒரு அடி பின்னால போவாங்க, நான் எடுத்துக்கணும். நான் எதையாவது கொடுக்கணும்னாலும் வச்சுட்டு ஒரு அடி பின்னால போகணும். யாரும் சொல்லிக் கொடுக்கல. எனக்கும் யாரும் சொல்லல, அவங்களுக்கும் யாரும் சொல்லல. காலுக்குத் தானாத் தெரியுது.

இந்தப் பரீட்சை எதுக்குன்னு எனக்குத் தெரியும். மத்தவங்க, எங்களுக்கு எழுத்தறிவு வகுப்பு எடுக்கிற ஜெசிந்தா டீச்சர் பிடிச்சு இழுத்துட்டு வந்ததால வந்தவங்க, நான் சோத்துக்காக வந்தவ. சோறு திங்க இல்ல, போட. சத்துணவுக் கூடத்துல உதவிக்கு இருக்கிற அம்மா சித்திரையோட நின்னுடுது. அந்த இடத்துக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சாப் போதும் வெயிலாச்சிக்கா, இந்தச் சான்றிதழும் ஹெட்மாஸ்டர் கையெழுத்தும் இருந்தா மனு கொடுக்கலாம்னு ஜெசிந்தா டீச்சர் சொன்ன அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. உலை கொதிக்கிற ஆவி முகத்துல அடிக்கணும். அகப்பையைக் கையில பிடிக்கணும். ஒரு பிள்ளை தட்டை நீட்டணும், நான் போடணும், ‘இன்னும் கொஞ்சம் ஆயா’ன்னு அது கேக்கணும். வேற ஒன்னும் இல்ல. சமையக்காரி பிச்சம்மா காதுக்கு விஷயம் போனதும் குழாயடியில வச்சுக் கேட்டா. “ஏளா, நீ கொல்லைப்பக்கம் கழுவுன கையோட வந்து சாம்பாரைக் கிண்டுவியாக்கும்? பிள்ளைக வாயில வைக்குமா?” சோப்புப் போட்டுக் கழுவுனா போகாத கை இருக்கா மைனின்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டுதான் கேட்டேன். அவளும் சிரிச்சுக்கிட்டுதான் சொன்னா, “சோப்புக்குப் போவும்ட்டி, மனசுக்குப் போவாதே”ன்னு. சொல்லிட்டு மூக்கைச் சிந்தி, தன் முந்தானையிலயே துடைச்சுக்கிட்டு, அந்தக் கையோட அரிசி களைய உள்ள போனா. எனக்குச் சீன்னு ஆச்சு. அதை எவகிட்டப் போய்ச் சொல்ல. கக்கூஸ் கழுவுறவளுக்கு அருவருப்பு வந்துச்சுன்னா ஊரே சிரிக்கும்.

ஒன்னாவது கேள்வி, கோடிட்ட இடத்துல விட்டுப்போன எழுத்தை எழுதணும். அ, ஆ, அப்புறம் கோடு, ஈ. இனா. போட்டாச்சு. இதெல்லாம் எனக்குக் காதுல கிடக்கிறதுதான். முப்பது வருசமா ஒன்னாப்பு ஜன்னலுக்குக் கீழ சாக்கடை தள்ளியிருக்கேன். அனா, ஆவன்னா, இனா, ஈயன்னா, உனா, ஊவன்னான்னு பிள்ளைங்க ராகம் போடும்போது என் தொடப்பம் தாளம் போடும். குட்டையா இருக்கிறதுக்கு வெறும் னா, நீட்டமா இருக்கிறதுக்கு வன்னா யன்னான்னு ஒரு வால், அதெல்லாம் ஜெசிந்தா டீச்சர் சொல்றதுக்கு முன்னாடியே என் காது பிரிச்சு வச்சிருந்துச்சு. ஆனா ரொம்ப நாள் அதெல்லாம் ஆளுங்க பேருன்னு நினைச்சிருந்தேன். ஏன் நினைக்கமாட்டேன்? பஜார்ல பெரிய ஆளுங்களுக்கு அப்படித்தானே பேரு. மூனா சூனா கடை. கானா பானா ரைஸ்மில்லு. கானா பானா செத்துப்போனாரு, ஊரே கடையடைச்சுது, அவரோட அப்பா அம்மா வச்ச பேரு என்னன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது, ரெண்டு எழுத்து போதுமா இருந்துச்சு. பணக்காரனுக்கு எழுத்துல பேரு. எங்க பக்கத்துல அப்படியா? நொண்டி, மூக்கன், கட்டையன், கோணவாயி. உடம்புல எங்க கோணலோ அங்க பிடிச்சுத் தூக்கிப் பேரு வைப்பான். ஒரு நாள் வகுப்புல டீச்சர் சொல்றாங்க, இது மூணு சுழி, இது ரெண்டு சுழி, இது குண்டு ள, இது சின்ன ர, அது பெரிய ற, இதுக்குக் கால், இதுக்குக் கொம்பு. எனக்குத் திக்குனு ஆச்சு. அடப்பாவிகளா, எழுத்தையும் விடலையா. அதையும் குண்டுன்னு கூப்பிட்டிருக்கான், அதுக்கும் கொம்பு முளைச்சிருக்குன்னு சொல்லியிருக்கான். உச்சிமாகாளி அண்ணாச்சி அன்னைக்கு, “ஏளா வெயிலா, இந்த ஈயன்னாவுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு கண்ணு வச்சிருக்கான், நம்மள மொறைக்கவா?”ன்னு கேட்டு எல்லாரையும் சிரிக்க வச்சாரு. நானும் சிரிச்சேன். இப்ப அவர் அந்த ஈயன்னாவைத்தான் எழுதிக்கிட்டு இருக்காரு, நாக்கைத் துருத்திக்கிட்டு, எச்சில் தாள்ல விழப்போகுது.

நானும்தான் பேரு வச்சேன், என்னைச் சொல்லணும். படிக்கத் தெரியாத காலத்துல எழுத்தெல்லாம் எனக்குச் சுவத்து அழுக்கு. கக்கூஸ் சுவத்துல கரித்துண்டால, காம்பஸ் முனையால, பேனாவால எதையாவது கிறுக்கி வச்சிருக்கும் சனியன்ங்க. ஆம்பளப் பிள்ளைங்க பக்கம் படமும் சேர்த்துப் போட்டிருக்கும், அதைத் தேய்க்கும்போது கண்ணை மூடிக்கிட்டுத் தேய்ப்பேன். தினம் தேய்க்கிறவளுக்கு எதைத் தேய்க்கிறோம்னு அடையாளம் வேணும்ல. அப்படியே பேரு வந்துச்சு. மூணு பக்கம் சுவர் வச்சு மேல திறந்து கிடக்கிறது வாளி. அதுலயே ஒரு பக்கம் சுருட்டி விட்டிருந்தா காது வச்ச வாளி. சுவரும் தரையும் சேர்ற மாதிரி இருக்கிறது மூலை. தரையில சாஞ்சு குத்தவச்ச பொம்பள மாதிரி ஒன்னு, அவ குத்தவச்சவ. சுருண்டு படுத்த நாய். கொடுக்கு வச்ச தேள். ரெட்டை வாசல். வாத்து. கைத்தடி. கவட்டைக்கம்பு, அது தலைக்கு மேல வளைச்சுவிட்டிருந்தா குடை பிடிச்ச கவட்டை. சில எழுத்துக்கு முன்னாடி சுருண்டுக்கிட்டு ஒன்னு ஊர்ந்து வரும், அது நத்தை. புள்ளி வச்சிருந்தா பொட்டு. இந்தா மூணு புள்ளியா இருக்கே, இதை மட்டும் நான் அடுப்புன்னு சொல்லுவேன், டீச்சருக்கே அது பிடிச்சுப்போச்சு. மூலைய நாலு இழுப்புல அழிச்சுடலாம், தேளுக்குக் கொடுக்கு மட்டும் போகாது. இப்படியே பேசிக்கிட்டே தேய்ப்பேன். “வாடி குத்தவச்சவளே, உனக்கு வேற இடம் கிடைக்கலையா”ன்னு. எல்லாத்தையும் தேய்ச்சேன். ஒன்னைத் தவிர.

அந்த ஒரு வரி. பொம்பளப் பிள்ளைங்க பக்கம், வெளிச் சுவத்துல, குழாய்க்கு மேல. கரித்துண்டு இல்ல, சிவப்புப் பெயின்ட்டு. குங்குமம் கரைச்சு எழுதின மாதிரி, குண்டு குண்டா, ஒன்னுக்கொன்னு இடிக்காம, கீழ ஒரு கோடு வேற, கோலத்துக்குச் செம்மண் கட்டின மாதிரி. ஆண்டு விழாவுக்கு மேடையில எழுத வாங்குன பெயின்ட்டு மிச்சம் இருந்துச்சு, அந்த வாரம் வந்த வரி அது. படம் கிடையாது. வகுப்பு வகுப்பா ‘உண்மையே பேசு’, ‘சுத்தம் சுகம் தரும்’னு எழுதிப் போட்டிருக்காங்கல்ல, அது மாதிரி டீச்சருங்க யாரோ எழுதிவச்ச நல்ல வார்த்தைன்னு நினைச்சேன். இவ்வளவு அழகா இருக்கிற கை கெட்டதை எழுதுமான்னு நினைச்சேன். பாசி பிடிக்கும்போது அதைச் சுத்தித் தேய்ச்சு, அதை மட்டும் ஈரத்துணியால ஒத்தி எடுப்பேன். எட்டு வருசம். ஆயுத பூசைக்கு வாளிக்குப் பொட்டு வைப்பேன், தொடப்பத்துக்குப் பொட்டு வைப்பேன், அந்த வரிக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வச்சு ஒரு செவ்வந்திப் பூவைச் சொருகுவேன். பிள்ளைங்க கூட்டமா நின்னு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும். பூசைன்னா பிள்ளைங்களுக்குச் சந்தோசம்தானேன்னு நானும் பொரிகடலையை ஒரு தாள்ல வச்சுட்டு ஒரு அடி பின்னால போவேன். ஒரு வருசம் தனுஷ்கோடி சார் அந்தப் பக்கம் கை கழுவ வந்தாரு. பொட்டைப் பார்த்தாரு. வரியைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. “என்ன வெயிலா, சுவருக்கெல்லாம் பூசையா”ன்னு கேட்டுட்டு, கையைக் கர்ச்சீப்புல துடைச்சுக்கிட்டே போயிட்டாரு. என் மக சுகந்தி அப்ப ஏழாப்பு. காலங்கடந்து பெத்த ஒத்தப் பிள்ளை, ஊதுபத்திப் பெட்டியில இருந்த பேரைக் கடைக்காரன் படிச்சுச் சொல்ல, நல்லா இருக்கேன்னு வச்ச பேரு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து, “எம்மா, அந்தச் சொவத்தையும் தேச்சிருமா”ன்னா. அது சாமி எழுத்து மாதிரி இருக்குடின்னேன். சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு தட்டு ஓரமா ஒதுக்குனா. வயித்து வலியான்னு கேட்டேன், ஆமான்னா.

போன வருசம் கோடை லீவுல வெள்ளையடிச்சு அந்த வரியை மூடிட்டாங்க. எனக்கு மனசு என்னமோ போல இருந்துச்சு. மூடினா என்ன, கண்ணை மூடினா வரிசையா எனக்கு வரும்: நத்தை, குத்தவச்சவ, குடை பிடிச்ச கவட்டை, வாத்து, கைத்தடி. ஒரு இடைவெளி. நத்தை, நாய், கைத்தடி, மூலைக்குப் பொட்டு, வெறும் மூலை, வால் நிமிர்த்துன நாய். ஒரு இடைவெளி. அப்புறம் கடைசி. ஜெசிந்தா டீச்சர் வகுப்புல ஒவ்வொன்னுக்கும் நிஜப் பேரு சொல்லச் சொல்ல, பொண்ணு பார்க்க வந்த இடத்துல மாப்பிள்ளை தெரிஞ்சவனா இருந்த கதை மாதிரி இருந்துச்சு. ஓகோ, குத்தவச்சவதான் வானாவா. நத்தைக்குப் பேரு கொம்பா. இருந்துட்டுப் போகட்டும். ஒரு நாள் இந்த ண, ந, ன மூணுக்கும் பேரு எப்படி வந்துச்சுன்னு சொன்னாங்க. “சத்தம் ஏறக்குறைய ஒன்னுதான்க்கா. அதனால பக்கத்துல யார்கூட நிக்குதோ அவங்க பேரைச் சேர்த்துக் கூப்பிடுறது. வண்டியில பாருங்க, ட-வுக்கு முன்னாடி நிக்குது, அதனால டண்ணகரம். பந்துல த-வுக்கு முன்னாடி, அது தந்நகரம். கன்றுல ற-வுக்கு முன்னாடி, றன்னகரம்.” அப்ப அந்த ட-வை யாராவது ண பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்களா டீச்சர்னு கேட்டேன். “இல்லக்கா, ட வெறும் ட-தான்.” ஏன் டீச்சர்? “ஏன்னா...” அந்தப் பிள்ளை யோசிச்சுது, சின்னப் பொண்ணு, வெளியூரு, போன ஆவணியிலதான் இங்க வந்துச்சு, “எனக்குத் தெரியலக்கா”ன்னு சிரிச்சுது. எனக்குத் தெரியும். அது எதுகூட நிக்குதோ அதுதான் அதுக்குப் பேரு. சம்பளம் எழுதுற மாஸ்டர் ரோல்ல எனக்குப் பேரே கிடையாது, துப்புரவுன்னு இருக்கும். பிள்ளைங்க கக்கூஸ் ஆயாங்கும். கக்கூஸை யாரும் வெயிலா வீடுன்னு சொல்லமாட்டாங்கல்ல.

ஆனா அதே வகுப்புல எனக்கு ஒரு சந்தோசமும் வந்துச்சு, அதை நினைச்சாத்தான் இப்ப உடம்பெல்லாம் கூசுது. என் பேரை எழுதச் சொல்லிக் கொடுத்த அன்னைக்கு. கொம்பு, வ, யி, லா. வெயிலாச்சியில ஊரு கூப்பிடுற வரைக்கும். நத்தை, குத்தவச்சவ, குடை பிடிச்ச கவட்டை, வாத்து, கைத்தடி. சிலேட்டைக் கீழ வச்சுட்டேன். அந்தச் சுவத்துல இருந்தது என் பேரு. வெயிலா. எட்டு வருசம் என் பேரு அங்க இருந்திருக்கு, யாரோ சிவப்புப் பெயின்ட்டுல கோடு போட்டு எழுதியிருக்காங்க. அடுத்தது ட, த எல்லாம் வந்ததும் தானே விடிஞ்சுது: தொட்டது. வெயிலா தொட்டது. அதுக்கு மேல எனக்கு எழுத்து வேணுமா? தொட்டதுன்னா அடுத்த வார்த்தை துலங்கும்தானே. ஊர் உலகத்துல வேற என்ன வரும்? வெயிலா தொட்டது துலங்கும். கக்கூஸ் கழுவி வச்சதைப் பார்த்து எந்தப் பிள்ளையோ மனசாரச் சொல்லியிருக்கு. கடைசி வார்த்தை நாய்ல ஆரம்பிக்கல, தேள்ல ஆரம்பிச்சுதுன்னு ஒரு மூலையில உறுத்துச்சு. தேளும் நாயும் பார்க்க ஒன்னு போலத்தான், நான்தான் மாத்திப் பேரு வச்சிருப்பேன்னு அமுக்கிட்டேன். திருப்பூருக்குப் போன் போட்டேன், சுகந்தி அங்க பனியன் கம்பெனியில இருக்கா. “ஏட்டி, அந்தச் சுவத்துல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா, உங்கம்மா தொட்டது துலங்கும்னு எழுதியிருக்காங்கட்டி.” அந்தப் பக்கம் மிஷின் ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம், “சரிம்மா”ன்னு வச்சுட்டா. வேலை மும்முரம்னு நினைச்சேன். மூணு வாரம் நான் நிமிர்ந்து நடந்தேன். பிச்சம்மாகிட்டக்கூட ஒரு தெனாவெட்டாப் பேசினேன்.

இப்ப ஏழாவது கேள்வி. படத்தைப் பார்த்துப் பேரை எழுதணும். பசு, எழுதியாச்சு. பந்து, தந்நகரம், எழுதியாச்சு. மூணாவது படம் நாற்காலி. ந எழுதினேன். கால் போட்டேன். ற போட்டேன், போன வாரம்தான் எழுதப் பழகின எழுத்து, கடைசி பெஞ்சு எழுத்து, நெடுங்கணக்குல எல்லாத்துக்கும் பின்னால நிக்கும் ற-வும் ன-வும். பேனா அங்கயே நின்னுபோச்சு. தேள், கைத்தடி, ரெட்டை வாசல். எங்கயோ பார்த்திருக்கேன் இந்த மூணையும், இதே வரிசையில. தேளுக்குப் பக்கத்துல கைத்தடி, அதுக்குப் பக்கத்துல ரெட்டை வாசல், ஆனா அங்க வாசலுக்கு அடியில ஒரு சுருட்டல் இருந்துச்சு, அப்புறம் காது வச்ச வாளி, வாளிக்கு மேல பொட்டு. வேண்டாம். அதைப் பத்தி இப்ப வேண்டாம், மணி என்ன, பதினொன்னேகால், நாற்காலியை முடி, காலி, கானாவுக்குக் கால், லி. எட்டாவது கேள்விக்குப் போ. கூட்டல் கணக்கு. ஏழும் எட்டும் பதினஞ்சு. போட்டாச்சு. நா. அடுத்த கணக்கு. று. பதினாறா, பதினாலா. ம். வாயை மூடு. காத்து அடிக்குது, அது வருது ஜன்னல் வழியா, அதே நாத்தம், நா, று, ம், எத்தனை தடவை திருப்பிப் போட்டாலும் அந்த மூணுதான், துலங்கும்ல எங்கே ரெட்டை வாசல்? கிடையாது. துலங்கும்ல வாத்து இருக்கணும், அந்தக் கடைசி வார்த்தையில வாத்தே கிடையாது, நான் எட்டு வருசம் ஒத்தி எடுத்த வார்த்தை எனக்குத் தெரியாதா? வெயிலா தொட்டது நாறும். எட்டு வருசம் குழாய்க்கு மேல. பிள்ளைங்க தண்ணி பிடிக்கிற குழாய். நான் அதுக்குப் பூ வச்சேன். அட மூதேவி, நான் அதுக்குப் பூ வச்சேன். தொண்டையில புளிச்சுக்கிட்டு வருது. காலையில குடிச்ச காபி. விழுங்கு. இந்த இடத்துல வாந்தி எடுத்தா அதையும் நான்தான் கழுவணும்.

எழுதினவ மேல எனக்கு அவ்வளவு இல்ல. பதிமூணு பதினாலு வயசு இருக்கும் எழுதினதுக்கு, இப்ப எங்கயாவது கட்டிக்கொடுத்துப் பிள்ளைக்குப் பீத்துணி அலசிக்கிட்டு இருப்பா. நாறட்டும். படிச்சவங்க மேலதான் எனக்கு... என்னன்னு சொல்ல, கோபம் இல்ல இது, ஒரு கிண்ணத்துல தலைமுடி கிடந்தா வருமே, அது. எத்தனை டீச்சருங்க, எத்தனை சாருங்க. அந்த வரிக்குக் கீழ நின்னு டிபன் பாக்ஸ் கழுவினாங்க. சின்ன எழுத்து, பெரிய எழுத்துன்னு காலையில கரும்பலகையில ஆயிரம் எழுத்துக்கு ஆயிரம் பேரு சொல்லிக் கொடுத்துட்டு வந்து, அங்க நின்னு வாய் கொப்புளிச்சுத் துப்பினாங்க. பொங்கலுக்குப் புடவை கொடுத்த டீச்சர், அவங்களும். ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, ‘வெயிலா, அதை அழிச்சுடு’ன்னு ரெண்டு வார்த்தை. பினாயில் தீர்ந்துபோச்சுன்னு சொல்ல வாய் இருக்கு. அந்தப் பக்கம் சரியாக் கழுவலன்னு சொல்ல வாய் இருக்கு. சொன்னது ஒரு பிள்ளைதான். எம்மா அந்தச் சொவத்தையும் தேச்சிருமா. பதினோரு வயசுல இருந்து பத்தாப்பு முடிக்கிற வரைக்கும் அவ அந்தக் குழாய்ல தண்ணி குடிக்கவே இல்லை, வீட்டுல இருந்து பாட்டில் கொண்டுபோவா, அது ஸ்டைலுன்னு நான் திட்டுவேன். நான் பொட்டு வைக்கிறதை அவ தோழிங்களோட நின்னு பார்த்திருக்கா. போன்ல நான் சொன்னதைக் கேட்டா. சரிம்மான்னா. அந்த மிஷின் சத்தம். ஆண்டவனே, அந்த மிஷின் சத்தம்.

“ஏளா,” உச்சிமாகாளி அண்ணாச்சி முழங்கையால இடிக்கிறாரு. “பத்தாவதுல என்ன கேட்டிருக்கான்? எனக்கு அங்கெல்லாம் கண்ணு போவல.” உங்களைப் பத்தி ரெண்டு வரி எழுதணுமாம் அண்ணாச்சி. “என்னையப் பத்தியா? எங்க ஆட்டையப் பத்திக் கேட்டாலும் ரெண்டு பக்கம் எழுதுவேன்.” நாற்காலியில இருந்து, “அங்க என்ன பேச்சு”ன்னு சத்தம் வருது. அண்ணாச்சி, “ஒன்னுமில்ல சார், தாயிக்கு மயக்கம் வருதாம்”ங்கிறாரு. தனுஷ்கோடி சார் அங்க இருந்தே எட்டிப் பார்க்கிறாரு. “என்ன வெயிலா? வெளிய போய்க் குழாய்ல மூஞ்சியக் கழுவிட்டு வா.” குழாய்ல. வேண்டாம் சார், சரியாயிடுச்சுன்னு சொல்றேன். எவ்வளவு மரியாதையா வருது என் வாயில இருந்து. பத்தாவது கேள்விக்கு என்ன எழுதணும்னு ஜெசிந்தா டீச்சர் இருபது தடவை எழுத வச்சிருக்கு. என் பெயர் வெயிலாச்சி. நான் பள்ளியில் வேலை செய்கிறேன். முடிஞ்சுது. எழுதிக் கொடுத்தா சான்றிதழ், சார் கையெழுத்து, மனு, சித்திரைக்கு அப்புறம் அகப்பை. எழுது. என் பெயர். பேனா இறங்கமாட்டேங்குது. அந்த ஆள் கையெழுத்துப் போட்டா நான் சோத்துல கை வைக்கலாம், போடலைன்னா வைக்க முடியாது, இதே ஆள்தான் இங்க வந்ததுல இருந்து அந்த வரிக்குக் கீழ ஏழு வருசம் கை கழுவினவரு. நாளைக்கு நான் சோறு போடும்போது ஒரு பிள்ளை தட்டை இழுத்துக்கிட்டா? சுவத்துல வெள்ளைதானே அடிச்சாங்க. போன மழைக்கு அந்த இடத்துல லேசா ஒரு ரோஸ் நிறம் ஊறி வந்திருக்கு, நானே பார்த்தேன், பார்த்துச் சந்தோசப்பட்டேன். சிவப்புப் பெயின்ட்டு வெள்ளைக்கு அடங்காது. பிச்சம்மா சொன்னது சரி, சோப்புக்குப் போகும், மனசுக்குப் போகாது. ஆனா யார் மனசுக்கு? அதை நான் ஏன் சுமக்கணும். வாளி வாளியா அவங்க கழிச்சதைச் சுமந்தேன், இதையும் சுமக்கணுமா, இதையும் பூப்போட்டு?

நத்தை. பேனா இறங்கிடுச்சு. நத்தையோட சுழி நல்லா வந்திருக்கு. குத்தவச்சவ. உக்காருடி, இன்னைக்கு உனக்கு இடம் கிடைச்சாச்சு. குடை பிடிச்ச கவட்டை, வாத்து, கைத்தடி. மெதுவா எழுதுறேன், குண்டு குண்டா, ஒன்னுக்கொன்னு இடிக்காம. தொட்டது. தேளை எழுதும்போது கொடுக்கு கொஞ்சம் வளைஞ்சுபோச்சு, பரவாயில்ல. ரெட்டை வாசல், அடியில சுருட்டல். காது வச்ச வாளி. பொட்டு. வெயிலா தொட்டது நாறும். கீழ ஒரு கோடு போட்டேன், செம்மண் கட்டின மாதிரி. அது ஒரு வரி. ரெண்டு வரி கேட்டிருக்காங்க. ரெண்டாவது வரிக்குப் பார்த்து எழுத எனக்குச் சுவர் கிடையாது, நானேதான் எழுத்துக் கூட்டணும். கூட்டினேன். எட்டு வருசம் எல்லாரும் படிச்சீங்க. நான் பொட்டு வச்சேன். மூணு வரியா ஆயிடுச்சு. இருக்கட்டும். மார்க்கு குறைச்சா குறைக்கட்டும்.

மணி அடிச்சாங்க. எல்லாரும் எந்திரிச்சுக் கொடுக்கிறாங்க, சீதேவி கொடுத்தா, அண்ணாச்சி, “எழுத்து கோணலா இருந்தாலும் மனசு நேரு சார்”னு சொல்லிக் கொடுத்தாரு, சார் சிரிச்சுக்கிட்டே வாங்கினாரு, கையில. நான் கடைசி. ற-வும் ன-வும் மாதிரி. மேசைகிட்டப் போய் நின்னேன். சென்ட்டு வாசனை. தாளை எழுத்துப் பக்கம் மேல தெரியற மாதிரி நீட்டினேன். “மேசையில வைம்மா”ன்னாரு, வேற தாளை அடுக்கிக்கிட்டே. என் காலுக்கு ஒரு அடி பின்னால போகணும்னு அரிச்சுது. போகல. நீட்டின கை நீட்டினபடியே நின்னுச்சு. “வச்சுட்டுப் போ வெயிலா.” கையில வாங்குங்க சார்னு சொன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன். அப்பத்தான் நிமிர்ந்தாரு. முதல்ல என்னைப் பார்த்தாரு, அப்புறம் கண்ணு தாளுக்கு இறங்குச்சு, அந்தக் கோடு போட்ட வரியில போய் நின்னுச்சு. படிக்கத் தெரிஞ்ச கண்ணு, சட்டுனு படிச்சுடுச்சு, என்னை மாதிரி எட்டு வருசம் ஆகல. அடுத்த வரிக்கும் போச்சு. காது மடல் சிவந்துச்சு. தாள் அடுக்குன கை அப்படியே நின்னுச்சு. பின்னால உச்சிமாகாளி அண்ணாச்சி வாசல்ல நின்னுட்டாரு, ஜெசிந்தா டீச்சர், “என்னக்கா?”ன்னு வருது. தோள்பட்டை வலிக்குது எனக்கு. வலிக்கட்டும். தண்ணி வாளி தூக்குன தோளு. அகப்பை போச்சுன்னு தெரியும், தட்டு நீட்டுற பிள்ளை போச்சுன்னு தெரியும். கையை மடக்கல. ஜன்னல் வழியா காத்து வந்துச்சு, அவருக்கும் சேர்த்து வந்துச்சு. கடைசியில வாங்கினாரு. ரெண்டு விரலால, நுனியைப் பிடிச்சு. ஆனா கையில இருந்து கையில. அது போதும். அந்த ரெண்டு விரலும் இனி நாறட்டும், குழாய்ல போய்க் கழுவட்டும், அந்தச் சுவத்துக்குக் கீழ நின்னு.